ஏழு மணிக்குச் சங்கம் கலைந்தது

அந்த வணிக வளாகத்தில் இருபத்திரண்டு கடைகள். அவற்றில் இருபத்தொரு கடைக்காரர்களுக்குத் திருத்தக்காரியைக் கண்டால் லேசான உதறல். மிச்சமிருந்த ஒரு கடை அவளுடையது.

பத்தொன்பது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினவள். அச்சகத்தை மூடினார்கள், அவள் சிவப்புப் பேனாவை மூடவில்லை. மாடிப்படிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்ட முதல் வாரமே, பக்கத்துத் தையல் கடைப் பலகையில் 'தைத்துக் கொடுக்கபடும்' என்றிருந்ததற்கு நடுவில் ஒரு 'ப்' போட்டுவிட்டு வந்தாள். தையல்காரர் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் தன் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து நீட்டி, "இதையும் ஒரு கண்ணு பாத்துடும்மா" என்றார். 'திருத்தக்காரி' என்ற பட்டம் வைத்தவரும் அவர்தான்.

அந்தக் கடை அவளுக்குக் கிடைத்தது அக்கா புருஷன் தயவில். அவர் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைக்காரர் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் தலைவர். தேர்தல் நடக்காமல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் "வேற யாராவது நிக்கறீங்களா?" என்று கேட்பார். யாராவது வாயைத் திறப்பதற்குள் "அப்ப சரி" என்பார். தேர்தல் முடிந்துவிடும்.

"நான் மட்டும் ஒரு வார்த்தை சொல்லலைன்னா, நீ இன்னிக்கு வீட்ல உக்காந்து காலண்டரைத் திருத்திட்டு இருந்திருப்பே" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது அவளுக்கு நினைவூட்டுவார்.

"ஆமா அத்தான்" என்பாள்.

அந்த ஆமாவுக்கு வட்டியாகச் சங்கத்தின் மினிட் நோட்டு எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. மாதம் ஒரு கூட்டம். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன முடிவு, எத்தனை மணி. அவ்வளவுதான் எழுத வேண்டும். ஆனால் தலைவருக்கு மொழியிலும் ருசி உண்டு. இரண்டாவது மாதமே நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அதென்ன, எல்லா இடத்துலயும் கூட்டம், கூட்டம்? குழாயடியில நிக்கறது கூட்டம். பஸ்ஸுல தொங்கறது கூட்டம். நாம யாரு? சங்கம்! 'சங்கம் கூடியது'ன்னு எழுது."

"சரி அத்தான்."

"அப்புறம் இந்த 'முடிந்தது' வேண்டாம். நல்லா நடந்துட்டிருக்கற இடத்துல முடிஞ்சது கிடிஞ்சதுன்னு."

"நிறைவுற்றதுன்னு போடவா?"

"ஆளு போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கு."

"அப்ப என்னதான் எழுதறது?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "ராஜா எந்திரிச்சா சபை கலைஞ்சதுன்னு சொல்வாங்கல்ல? அந்த மாதிரி கம்பீரமா எழுது."

அன்றிலிருந்து நோட்டில் அப்படித்தான். மாலை ஐந்தரை மணிக்குச் சங்கம் கூடியது. ஏழு மணிக்குச் சங்கம் கலைந்தது. இரண்டு வருஷத்தில் இருபத்து நாலு தடவை கூடி இருபத்து நாலு தடவை கலைந்தது. இருபத்து நாலு தடவையும் தலைவர் கையெழுத்துப் போட்டார். எதையும் படித்துப் பார்த்து அல்ல. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற அவர் தனக்கு மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டார், வயசு தெரிந்துவிடுமாம்.

வம்பு மாடிப்படிக்குக் கீழே ஆரம்பித்தது.

அங்கே நாலடிக்கு ஆறடி இடத்தில் சாவிக்காரர் இருந்தார். ஒரு மேசை, ஒரு அரவை மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். நிமிர்ந்தால் படிக்கட்டின் அடிப்பக்கம் மண்டையில் இடிக்கும் என்பதால் பதினேழு வருஷமாகக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தார். தெருவில் நடக்கும்போதும் அப்படியே நடப்பார். வளாகம் கட்டிய காலத்திலிருந்து அங்கே இருந்தாலும், இருபத்திரண்டு கடைக் கணக்கில் சேராதவர்; சங்கத்தில் இருபத்துமூன்றாவது உறுப்பினர் அவர் என்பது பலருக்கு நினைவில்லை.

தலைவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போனார். அங்கே வரவேற்பறையில் எட்டடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. உள்ளே பச்சை விளக்கு, குமிழி விடும் பொம்மை முதலை. திரும்பி வந்த மனுஷர் வேறு ஆளாக வந்தார். நம் வளாகத்துக்கு ஒரு முகமே இல்லை என்று கண்டுபிடித்தார். உள்ளே நுழைந்ததும் கஸ்டமர் கண்ணில் படுவது என்ன? கோணல் கழுத்துடன் ஒரு ஆள், பித்தளைத் தூள், கிரீச்சென்ற சத்தம். அந்த இடத்தில் மீன் இருந்தால் எப்படி இருக்கும்!

அந்த மாதக் கூட்டத்தில் கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றியும் வண்டி நிறுத்துவது பற்றியும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மீனைப் பற்றி மூச்சு இல்லை. ஏழு மணிக்கு எல்லோரும் எழுந்து ஷட்டரை இறக்கப் போய்விட்டார்கள். திருத்தக்காரியும் 'கலைந்தது' எழுதி நோட்டை மூடினாள்.

ஏழே காலுக்குத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிக் கடைக்குள் போனால், பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே அவரும் அவருடைய மூன்று சிநேகிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோ. மாடிப்படிக்குக் கீழ் உள்ள சாவிக்கடையை அப்புறப்படுத்துவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அவள் பேனாவைத் திறக்காமல் நின்றாள். "அத்தான், கலைஞ்சதுன்னு எழுதிட்டேனே."

"அதுக்குக் கீழ எழுது. நோட்டுல இடமா இல்லை?"

"மணி போடணும்."

"இப்ப மணி என்ன?"

"ஏழு இருபது."

"அதையே போடு. நமக்கென்ன ஒளிவு மறைவா?"

போட்டாள். யார் யார் இருந்தார்கள் என்பதையும் வழக்கம்போல எழுதினாள்: தலைவர் உள்பட நால்வர். அவளுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத வரிகளைப் பத்தொன்பது வருஷம் ஒற்று மாறாமல் திருத்திக் கொடுத்தவள். நடந்தது நடந்தபடி இருந்தது. எழுத்தில் பிழை இல்லை. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நோட்டீஸ் கைக்கு வந்ததும் சாவிக்காரர் நேரே எதிர்க்கடைக்கு வந்தார்.

"ஏம்மா, அப்புறப்படுத்தறதுன்னா என்ன?"

"எடுத்துடறது."

"மேசையையா, என்னையா?"

"ரெண்டையும்தாங்க."

"குப்பையைத்தானே அப்புறப்படுத்துவாங்க?" அவர் கழுத்தைச் சாய்த்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "கிளம்புன்னு சொல்லியிருந்தா ஒரு மனுஷனைச் சொன்ன மாதிரி இருக்கும். நகருன்னா, சரி, நகர ஒரு இடமாவது இருக்குன்னு அர்த்தம். காலி பண்ணுன்னா வாடகைக்கு இருந்தவன்னு ஒரு மரியாதை. இவர் பாத்துப் பாத்து இதையா எடுத்தாரு?"

அவள் நோட்டீஸை வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

"நானும் சங்கத்துல மெம்பருதானே? அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடும்மா."

உறுப்பினர் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. அந்த விதியில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்தியதே அவள்தான். எடுத்துக் கொடுத்தாள்.

சாவிக்காரர் அந்த நகலை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரோ என்னவோ. ஆனால் அதை மெத்தைக்கடைக்காரர் பார்த்துவிட்டார். மெத்தைக்காரர் பதினோரு வருஷமாக, "வேற யாராவது நிக்கறீங்களா?" என்ற கேள்விக்கும் "அப்ப சரி"க்கும் நடுவில் வாயைத் திறக்க முயன்று தோற்றவர். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சங்கம் கலைஞ்சுதுன்னு இவரே கையெழுத்துப் போட்டிருக்காரேய்யா! கலைஞ்ச சங்கத்துக்கு ஏது தலைவர்?"

இருவரும் சேர்ந்து சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அங்கே ஓர் எழுத்தர் மனுவையும் நகலையும் சேர்த்துத் தைத்தார். 'சங்கம் கலைந்தது' என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டார். பிறகு தன் வேலையைச் செய்தார். பத்தே நாளில் தலைவருக்குப் பதிவுத் தபால் வந்தது. 'தங்கள் சங்கம் கலைந்துவிட்டதாகத் தாங்களே எழுதிக் கையொப்பமிட்டுள்ளபடியால், கோப்பு ஏன் மூடப்படக் கூடாது என்பதற்கு நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.'

தலைவர் அதை முதலில் கண்ணாடி இல்லாமல் படித்தார். பிறகு கல்லாவிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். அவர் கண்ணாடி மாட்டி அன்றுதான் வளாகம் பார்த்தது.

"உன்னைக் கடைவெச்சு உக்காரவெச்சதுக்கு நல்லா செஞ்சுட்டே!" என்று ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கத்தினார். லேமினேஷனுக்குக் காத்திருந்த இரண்டு பேர் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார்கள். "ஒரு வார்த்தை ஒழுங்கா எழுதத் தெரியலை, இதுல ஊரைத் திருத்தறா!"

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள்.

"நீங்க சொன்ன வார்த்தைதான் அத்தான் அது."

"நான் சொன்னா? உனக்கு அறிவு எங்க போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பிறகு அவள் 'ஆமா அத்தான்' சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மதியம் அக்கா அவள் வீட்டுக்கு வந்தாள். திருத்தக்காரியின் புருஷன் பஸ் டிரைவர். விடியற்காலை ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்தாள்.

"மனுஷன் ரெண்டு நாளா சரியா சாப்பிடலைடி. தலைவர்னு போட்ட லெட்டர் பேடை எடுத்து எடுத்துப் பாக்கறாரு. நீ ஒரு கடுதாசி எழுதிக் கொடு போதும். 'கூட்டம்'னு எழுத வேண்டியது, கை தவறி 'சங்கம்'னு எழுதிட்டேன்னு."

"கை தவறலையே அக்கா."

"தவறினதா வெச்சுக்கோயேன். எழுத்துப்பிழைன்னு ஒரு வரி. உன் கை தேஞ்சா போயிடும்?"

"இருபத்து நாலு தடவையா பிழை விட்டேன்னு எழுதச் சொல்றே? அதுவும் நான்?"

"அப்ப உன் பேருதான் உனக்குப் பெருசு. என் குடும்பம் பெருசில்லை." அக்கா மூக்கைச் சிந்தினாள். "அந்த மெத்தைக்காரன் உன் மனசைக் கலைச்சுட்டான். எனக்குத் தெரியும்."

"யாரும் கலைக்கலை. அந்த ஆளோட நான் பேசினதுகூட இல்லை. சாவிக்காரர் பாவம், பதினேழு வருஷமா..."

"சாவிக்காரர் உனக்கு அண்ணனா, தம்பியா?"

உள்ளறைக் கதவு திறந்தது. டிரைவர் கைலியை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"சங்கம் கலைஞ்சுதோ இல்லையோ, என் தூக்கம் கலைஞ்சுடுச்சு. இதுக்கு எந்த ஆபீஸ்ல மனு கொடுக்கறது?"

அக்கா அவனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் எழுந்து போனாள். வாசலில் நின்று, "இனிமே நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றாள். நாலு படி இறங்கியவள் குடையை மறந்துவிட்டதால் உடனே திரும்பி வந்து மிதித்தாள்.

விசாரணை நாளன்று பதிவு அலுவலகத்தின் சின்ன அறையில் பன்னிரண்டு நாற்காலிகள், பத்தொன்பது பேர். விசாரிக்க வந்த பெண் அலுவலருக்குச் சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை ஒரு பக்கமும் தடித்த அகராதியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஆபீஸில் இதுவரை அகராதி தேவைப்பட்டதில்லை. பக்கத்து நூலகத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்ததாக எழுத்தர் பெருமையாகச் சொன்னார்.

"கலைதல்" என்று அலுவலர் வாசித்தார். "ஒண்ணு, கூடியிருந்தவர்கள் பிரிந்து செல்லுதல்."

"அதேதான்!" தலைவர் துள்ளி எழுந்தார். "அதைத்தான் எழுதியிருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போனோம். அவ்வளவுதான்."

"உக்காருங்க. ரெண்டு, ஒழுங்கு குலைதல். முடி, மடிப்பு முதலியன. மூணு, தூக்கம் முதலியன இடையில் நின்றுபோதல்."

பின்வரிசையில் டிரைவர் பலமாகத் தலையாட்டினான்.

"நாலு, அமைப்பு, அவை முதலியன இல்லாமல் ஆதல்."

"அதேதான்!" இந்த முறை எழுந்தது மெத்தைக்காரர்.

அப்புறம் அந்த அறையில் நடந்ததை விசாரணை என்று சொல்வது கஷ்டம். தலைவர் ஜன்னலைக் காட்டினார். "மேகம் கலையுதுங்க. அதுக்காக மேகமே இல்லாமப் போச்சா? மறுநாள் வரலை?"

"மறுநாள் வர்றது வேற மேகம்" என்றார் மெத்தைக்காரர். "சீட்டைக் கலைச்சா என்ன அர்த்தம்? பழைய ஆட்டம் போச்சு. புதுசா போட்டாத்தான் ஆட்டம்."

"தலைமுடி கலைஞ்சா சீவிக்கறோமே! தலையையா மாத்தறோம்?"

மெத்தைக்காரர் தலைவரின் வழுக்கையை நிதானமாகப் பார்த்தார். "உங்களுக்கு அந்தக் கவலை இல்லைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அலுவலர்கூடக் கைக்குட்டைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பு மெத்தைக்காரரின் தலைக்கு ஏறிவிட்டது. பதினோரு வருஷத்தில் அவர் சொல்லி ஒரு அறை சிரித்தது இதுவே முதல் தடவை.

"கருவும்தான் கலையுது! அதை எந்தச் சீப்பை வெச்சுச் சீவுவாராம்?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா சட்டென்று தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் மாசத்தில், அச்சகத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தபோது திருத்தக்காரிக்கு வயிற்றில் பிடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்களில் அத்தானும் ஒருவர். "கலைஞ்சா கலைஞ்சுட்டுப் போகட்டும், விடு. அடுத்தது நிக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அடுத்தது நிற்கவில்லை. அப்புறம் எத்தனையோ ஆயிரம் பக்கங்களில் அந்தச் சொல் அவள் பேனாவுக்குக் கீழே வந்து போனது. மேகம், கூட்டம், கனவு, ஒப்பனை. ஒவ்வொரு தடவையும் 'லை' சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவாள்.

தலைவரும் அதை நினைத்திருக்க வேண்டும். "அது வேற, இது வேற" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

திருத்தக்காரி எழுந்தாள். யாரும் அவளை இன்னும் கூப்பிடவில்லை.

"ரெண்டும் ஒரே சொல்தாங்க. எது கலைஞ்சதுன்னு அதுக்கு முன்னாடி நிக்கற வார்த்தைதான் சொல்லும். நான் 'கூட்டம்'னுதான் எழுதிட்டிருந்தேன். 'கூட்டம் முடிந்தது'. கூட்டம்னா குழாயடி, முடிஞ்சதுன்னா அபசகுனம்னு மாத்தச் சொன்னது தலைவர். நான் பிழை விடலைங்க. அதைக் குறிச்சுக்கோங்க."

"குறிச்சாச்சு" என்றார் அலுவலர். "யாராவது கலைச்சாங்களா?"

"இல்லைங்க. கலைந்ததுன்னுதான் எழுதியிருக்கேன். கலைத்ததுன்னு இல்லை, கலைக்கப்பட்டதுன்னும் இல்லை. ஏழு மணி ஆச்சு, எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க. தானா."

"அப்ப இந்தச் சாவிக்கடைத் தீர்மானம்?"

"ஏழு இருபதுக்கு. கண்ணாடிக் கடையில. நாலு பேர்."

அலுவலர் அகராதியை மூடினார். மூடிய வேகத்தில் தூசி கிளம்பி மூன்று தும்மல் போட்டார். பிறகு சொன்னார்: "கூட்டம் கலைஞ்சிருந்தா, கலைஞ்ச கூட்டம் தீர்மானம் போட முடியாது. சங்கமே கலைஞ்சிருந்தா, இல்லாத சங்கம் தீர்மானம் போட முடியாது. எந்த அர்த்தத்தை எடுத்துக்கிட்டாலும் இவரை எழுப்ப முடியாது." சாவிக்காரர் இது தன்னைப் பற்றி என்று புரிந்து கழுத்தை நிமிர்த்தப் பார்த்தார், அது நிமிரவில்லை. "சங்கம் இருக்கா இல்லையான்னு நான் முடிவு சொல்லப்போறதில்லை. ஏன்னா நோட்டைப் பூரா பாத்தேன். இது இருபத்து நாலு தடவை கலைஞ்சிருக்கு. ஒரு மாசத்துல தேர்தல் வெச்சு, புதுசா ஆளைப் போட்டு, விவரம் அனுப்புங்க. இனிமே 'கூட்டம் முடிந்தது'ன்னு எழுதுங்க. அபசகுனம்னா ஒரு சாமி படம் மாட்டிக்கோங்க."

தேர்தல் வாக்குச்சீட்டில் நடந்தது. சாவிக்காரரைக் காப்பாற்றுவேன் என்று சொல்லி நின்ற மெத்தைக்காரருக்குப் பதினாலு. கண்ணாடிக்காரருக்கு ஏழு. செல்லாதது இரண்டு. ஒன்றில் யாரோ மீன் படம் வரைந்திருந்தார்கள். இன்னொன்றில் 'வேட்பாளார்' என்று அச்சிட்டிருந்ததைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருந்தது. குறி போட மறந்துபோயிருந்தது.

மூன்று மாதம் மெத்தைக்காரர் நல்ல தலைவராக இருந்தார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது. நாலாம் மாதம் ஒருநாள் வளாகத்துக்குள் நுழையும்போது கஸ்டமரின் கண் முதலில் எங்கே படுகிறது என்று அவரும் யோசித்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில், அதன்மேல் உயர்ந்த ரக மெத்தை, 'படுத்துப் பாருங்கள்' என்று ஒரு பலகை. நடந்து களைத்து வருகிற சனத்துக்கு அது ஒரு சேவையும் ஆகும்.

இவர் பாடம் கற்றவர். தீர்மானத்தை ஆறு மணிக்கே, எல்லோரும் நாற்காலியில் இருக்கும்போதே வைத்தார். கண்ணாடியும் மாட்டியிருந்தார், ஏழு பேர் ஓட்டுப் போட்ட கடையில் வாங்கியதுதான். சாவிக்காரர் அன்று வரவில்லை. பூட்டு உடைத்துக் கொடுக்க எங்கேயோ போயிருந்தார்.

"அப்புறப்படுத்துவதுன்னு எழுதக் கூடாது" என்றார் மெத்தைக்காரர். "அது மனுஷத்தன்மை இல்லாத வார்த்தை. எழுதும்மா, 'சாவிக்கடைக்கு வேறு நல்ல இடம் அமையும் பொருட்டு, அன்னார் தற்போதைய இடத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார்.'"

"எங்கே அமையுது?"

"அமையும்."

திருத்தக்காரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். தையல்காரர் ஊசியால் பல் குத்திக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் சாவிக்காரருக்காக ஓட்டுப் போட்ட மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் மூலையில் உட்கார்ந்து, வெகுகாலத்துக்குப் பிறகு முகம் மலர்ந்திருந்தார்.

அவள் நோட்டை மூடித் தையல்காரர் மடியில் வைத்தாள். "இதுல பிழையே இல்லை. அதனால எனக்கு வேலை இல்லை. நீங்களே எழுதிக்கோங்க."

தையல்காரர் எழுதினார். 'விடுவிக்கபடுகிறார்' என்று எழுதினார். அவள் அதைப் பார்த்தாள். பேனா பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் காலை சாவிக்காரர் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். மனுவும் இல்லை, கத்தலும் இல்லை. "முதல்ல என்னைக் குப்பைன்னாங்க, இப்ப கைதிங்கறாங்க" என்று மட்டும் சொன்னார். திருத்தக்காரி எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கடைக்குள் போய், முன்பக்கம் இருந்த பழைய ஜெராக்ஸ் மெஷினைத் தனியாகத் தள்ள ஆரம்பித்தாள். அது அசையவில்லை. சாவிக்காரர் வந்து ஒரு கை கொடுத்தார்.

"எதுக்கும்மா இதை நகர்த்தறே?"

"உங்க மேசை எத்தனை அடி?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "மூணே கால்" என்றார். "தூள் பறக்குமே. உன் காகிதமெல்லாம் பாழாயிடும்."

"பறந்தா திட்டுவேன்."

தூள் பறந்தது. அவளும் திட்டினாள். தினமும் திட்டினாள். வெள்ளைக் காகிதத்தில் பித்தளைப் பொட்டு விழுந்த நகலை யாரும் வாங்குவதில்லை. அவர் அரைக்க ஆரம்பித்தால் யார் என்ன கேட்கிறார்கள் என்றே காதில் விழாது. நாலு காப்பி என்பது நாற்பது ஆகிவிடும். "தள்ளி உக்காருங்களேன்" என்பாள். "எங்க தள்ள, ரோட்டுக்கா?" என்பார். அங்கே தலை இடிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தார். எதிரே மெத்தையில் யாரும் படுத்துப் பார்க்கவில்லை. தெருநாய் ஒன்று மட்டும் இரண்டு நாள் படுத்துப் பார்த்தது.

ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கையைப் பார்க்காதது போலச் சாவிக்காரரின் மேசைக்கு முன்னால் நின்று, பீரோ சாவி ஒன்றை நீட்டினாள்.

"இதுக்கு ஒரு டூப்ளிகேட் போடணும்."

"போட்டுடலாம்மா. உக்காருங்க." அங்கே இருந்தது திருத்தக்காரியின் ஸ்டூல்தான். அக்கா உட்காரவில்லை.

சாவிக்காரர் சரியான வெட்டாத சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் மெல்ல, "அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்றாள்.

அவர் இரண்டடி தள்ளி நின்றவளிடம் திரும்பினார். "சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க."

"இன்னும் இல்லைன்னு சொல்லுங்க."

"இன்னும் இல்லையாம்."

"ஏனாம்?"

சாவிக்காரர் அதற்குள் மெஷினைப் போட்டுவிட்டார். கிரீச்சென்ற சத்தத்தில் அடுத்த பதில் யார் காதிலும் விழவில்லை. அக்கா இன்னொரு தடவை கேட்டாள். அதுவும் விழவில்லை. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கடையின் குறுக்கே கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

"மணி மூணாகுதுடி! இன்னும் சாப்பிடாம என்னடி பண்ணிட்டிருக்கே?"

சாவிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். "இதை நான் சொல்லணுமா, இல்லை அவங்களுக்கே கேட்டிருக்குமா?"